எட்டாம் நம்பர் கேசட்

சூர்யகலாவுக்கு ஹல்க் ஹோகனைக் கண்டாலே ஆகாது. திண்டிவனத்தில் பொடிசு முதல் பெரிசு வரை டிவி மல்யுத்தத்தில் வருகிற அந்த மீசைக்காரனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய காலத்திலும் அவள் மட்டும், "பந்தி முடியற நேரத்துல வந்து அப்பளத்த அள்ளிக்கினு போறவன்" என்றுதான் சொல்லுவாள். அதற்கு அவளிடம் ஆதாரம் இருந்தது. பிரெட் ஹார்ட் என்ற பாவப்பட்ட மனுஷன், யோகோசூனா என்கிற மாமிச மலையோடு மூச்சு முட்ட மல்லுக்கட்டுவான். மலையின் மேனேஜர் ஒரு பிடி உப்பை எடுத்து அவன் கண்ணில் வீசுவான். அவன் தோற்றுப்போவான். உடனே நியாயம் கேட்க வருகிறவன் மாதிரி ஹோகன் வருவான், அடுத்த பிடி உப்புக்குக் குனிந்து தப்பிப்பான், ஒரு நிமிஷத்துக்குள் சாம்பியன் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறவனுக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கக்கூட நாதியில்லை.

அந்த உப்பைப் பற்றியும் அவளுக்கு அபிப்பிராயம் உண்டு. "நம்ம மரக்காணத்துக் கல்லுப்பா இருந்தா மண்டையே ஒடஞ்சிருக்கும். இது என்னமோ பொடி உப்பு, அதான் கண்ணோட போச்சு" என்பாள்.

இதெல்லாம் வீட்டுக்குள் பேசிக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இது நாலு தெருவுக்குக் கேட்டது. காரணம் அவள் அண்ணன் நடராசன். தொண்ணூற்று மூன்றில் அவன் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்தான். பாண்டிச்சேரியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருவர் வீட்டிலிருந்து ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டை அள்ளிக்கொண்டு வந்தான். சொல்தாவின் மகன் பிரான்சில் டிவியிலிருந்து பதிவு பண்ணி அனுப்பிய மல்யுத்தம். அதில் ரெண்டு குறை. பிரெஞ்சுக்காரன் டிவி முறை வேறு என்பதால் நம் ஊர் டெக்கில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. பேச்சு முழுக்கப் பிரெஞ்சு.

கேசட்டின் மேல் அந்தப் பையன் கிறுக்கியிருந்தது ஒருத்தருக்கும் புரியவில்லை. பெட்டியில் மேலாகக் கிடந்ததை ஒண்ணு, அதற்கு அடியில் கிடந்ததை ரெண்டு என்று நடராசனே ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாரத்துக்கு ஒன்றாக ஓட்டினான். பிரெஞ்சைக் கேட்டு ஜனங்கள் போன் மேல் போன் போட்டுத் திட்டினார்கள். "சத்தத்த நிறுத்திட்டு நீ பேசு கலா, வீட்ல சும்மாவும் பேசிக்கினுதான இருக்க" என்று தங்கச்சி கையில் மைக்கைக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து திண்டிவனத்துக்கு மல்யுத்தம் என்றால் சூர்யகலாவின் குரல்தான்.

அவள் பேச்சில் நடுநிலை என்பது கிடையாது. டை கட்டிக்கொண்டு வருமான வரி ஆபீசர் வேஷத்தில் சண்டைக்கு வருகிறவனைப் பார்த்து, "கழுத்துல கயித்தக் கட்டி அவனே குடுக்கறான் பாருங்க, இழுக்கத் தெரியாத பேமானிங்க" என்பாள். செத்தவன் மாதிரி மெல்ல நடந்து வருகிற அண்டர்டேக்கர் ரிங்குக்கு வந்து சேர்வதற்குள், "நடந்து வர்ற நேரத்துக்கு நான் ரெண்டு படி மல்லாக்கொட்ட உரிச்சிருப்பேன்" என்று சொல்லி முடித்திருப்பாள். ரிக் ஃபிளேர் என்கிற வெள்ளை முடிக்காரன் மேல் மட்டும் அவளுக்கு ஒரு மரியாதை. அடி விழுந்தால் சட்டென்று மண்டியிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவான். அடிக்கிறவன் மனசு இளகி ஒரு எட்டு முன்னால் வைத்தால் கண்ணில் விரலை விட்டுவிடுவான். "மண்டி போட்டவங்கிட்ட மட்டும் கிட்டப் போவாதீங்க" என்று அவள் மைக்கில் எச்சரித்தபடியே இருப்பாள்.

எல்லாம் நடிப்புதானே என்று யாராவது ஒரு மேதாவி சொன்னால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும். "தீமிதி அன்னிக்கி பாரதக் கூத்துல மண்ணுல பொம்ம செஞ்சி படுக்க வச்சிட்டு, அதச் சுத்தி ஒப்பாரி வைக்கறீங்க. அது நெசமா செத்துதான்னு எவனாவது கேட்டீங்களா?" என்பாள்.

மூன்றாம் நம்பர் கேசட்டில் ஒரு கல்யாணம் வந்தது. ராண்டி சாவேஜ் என்ற தொப்பிக்காரன், சண்டை போடுகிற அதே ரிங்கில் எலிசபெத் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். அழகென்றால் அப்படி ஒரு அழகு, அதிர்ந்து பேசாத பெண். வரவேற்பில் யாரோ கொடுத்த பரிசுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பாம்பு. சூர்யகலாவின் அம்மா வீரம்மாள், மொய் வைக்கிற இடத்தில் பாம்பு வைத்தவன் குலம் விளங்காது என்று டிவி முன்னாலேயே மண்ணை வாரித் தூற்றப் போனாள். மண் கிடைக்காததால் விட்டாள்.

எட்டாம் நம்பர் கேசட் வந்தபோதுதான் ஊரே உறைந்துபோனது. அதே சாவேஜ், வேறு ஒருத்தியோடு வந்து நின்றான். தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு கத்துகிற ஒருத்தி. எலிசபெத்தைக் கூட்டத்தில், டிக்கெட் வாங்கி வந்தவர்களோடு ஒருத்தியாக, காட்டினார்கள். தோற்றவன் தொழிலையே விட்டுவிட வேண்டும் என்ற பந்தயத்தில், கையில் ரிப்பன் கட்டிய வாரியர் என்பவனிடம் சாவேஜ் தோற்றான். தோற்றவனைக் கிரீடக்காரி காலால் உதைத்தாள். எலிசபெத் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்து, ரிங்கில் ஏறி, அந்தக் கிரீடக்காரியின் முடியைப் பிடித்து வெளியே தூக்கி எறிந்தாள். அதற்கப்புறம் வந்ததுதான் விஷயம். எப்போதும் அவன் ரிங்குக்குள் போக அவள்தான் ரிங்கைச் சுற்றிய கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு அவன் அவளை நிறுத்திவிட்டு, தானே கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். அவள் அதன் அடியில் புகுந்து வெளியே வந்தாள்.

மைக்கில் சூர்யகலா உருகிப் பேசினாள். "என்ன இருந்தாலும் கட்டினவன். கட்டினவ மனசு கேக்குமா? எறங்கிட்டா பாருங்க." நாலு தெருவிலும் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டதாக நடராசன் இன்றைக்கும் சொல்வான். மைக்கை அணைத்த பிறகு அவள் சொன்னது வேறு. "சீட்டுலயே குந்திக்கினு இன்னும் ரெண்டு ஒத வாங்கட்டும்னு பாத்திருக்கணும். ஜல்தியா போயிட்டா, லூசு." சொல்லிவிட்டு, அந்தக் கயிற்றை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அது அண்ணனுக்குத் தெரியாது.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் வேங்கடேசன் வந்தான். விழுப்புரத்தில் வெல்டிங் பட்டறை வைத்து இரும்பு பீரோவும் மடக்கு சேரும் செய்கிறவன். திண்டிவனத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவன் டிவியில் இவள் பேச்சைக் கேட்டுவிட்டு, பேசுகிற பெண் யார் என்று விசாரித்திருக்கிறான். பெண் பார்க்க வந்த இடத்தில் சூர்யகலா அவனைக் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"நீங்க செய்ற சேரால ஒருத்தன அடிச்சா மண்ட ஒடையுமா?"

"அடிக்கறவங்களப் பொறுத்ததுங்க" என்றான் அவன்.

அவளுக்குப் பிடித்துப்போனது. தொண்ணூற்றைந்தில் கல்யாணம், அடுத்த வருஷம் கலைப்பிரியா பிறந்தாள். பட்டறை ஓடியது. விழுப்புரம், வளவனூர், கண்டாச்சிபுரம் வரை எந்த மண்டபத்தில் உட்கார்ந்தாலும் அது வேங்கடேசன் செய்த சேராகத்தான் இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத வாழ்க்கை. அதனாலோ என்னவோ, இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவன் அதைக் கெடுத்துக்கொண்டான்.

வளவனூரில் செண்பகம் என்பவள் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தாள். அண்டா, குண்டான், ஷாமியானா, சேர் எல்லாம் கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும். அவளுக்கு ஒரு லோடு சேர் டெலிவரி கொடுக்கப் போன வேங்கடேசன், சேரோடு சேராக அங்கேயே தங்கிவிட்டான்.

சூர்யகலா அழுதாள். அழுது முடித்து, மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போனாள். வெல்டிங் ஆட்களை வைத்துக்கொண்டு வேலையைக் கற்றுக்கொண்டாள். பட்டறையின் ஷட்டர் மட்டும் அவளுக்கு அடங்கவில்லை. ஒரு பக்கம் வளைந்துபோன பழைய ஷட்டர். தம் கட்டித் தூக்கினாலும் இடுப்பு உயரத்தில் வந்து மாட்டிக்கொள்ளும். ஒற்றை ஆளாக அதை மேலே ஏற்ற வேங்கடேசன் தோளால்தான் முடியும். காலையில் வேலையாட்கள் எல்லோரும் சேர்ந்து தூக்குவார்கள். சாயங்காலம் பாதி இறக்கிவிட்டு அவர்கள் போன பிறகு, கணக்கு முடித்து விளக்கை அணைத்துவிட்டு இவள் கடைசியாகக் குனிந்து வெளியே வருவாள். ஆள் வைத்துச் சரிபண்ணியிருக்கலாம். ஏன் பண்ணவில்லை என்று அவளுக்கே தெரியாது. குனியும்போதெல்லாம் அவனைத் திட்டுவதற்கு ஒரு சாக்காவது இருக்கட்டும் என்று விட்டிருக்கலாம்.

அவன் மேல் அவளுக்கு ஆசை போகவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினாறு பங்குனியில், ஒரு காலை நேரம், லோடு ஆட்டோ ஒன்று பட்டறை வாசலில் வந்து நின்றது. பிளாஸ்டிக் சேர் வந்த பிறகு இரும்புச் சேரை யாரும் வாடகைக்குக் கேட்பதில்லை. செண்பகம் தன் கடையில் துருப்பிடித்துக் கிடந்த மடக்கு சேர்களை எல்லாம் ஏற்றி, செய்தவனையும் மேலே ஏற்றி அனுப்பிவிட்டாள். ஆட்டோ டிரைவர் சேர்களை இறக்கி வைத்தான். வேங்கடேசன் தானாக இறங்கினான். ஆள் பாதியாகியிருந்தான். ஒரு சேரை விரித்து, வாசலிலேயே ஓரமாக உட்கார்ந்துகொண்டான். அந்தச் சேரும் ஒரு பக்கம் சாய்ந்தது.

சேதி அதற்குள் திண்டிவனம் போய்விட்டது. மத்தியானத்துக்குள் வீரம்மாளும் நடராசனும் பஸ் பிடித்து வந்து இறங்கினார்கள். சென்னையில் படிக்கிற கலைப்பிரியா போனில், "நீ என்ன பண்ணாலும் சரிம்மா, என்னைக் கேக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். பட்டறைக்குள் பாதி பெயிண்ட் அடித்த பீரோக்களுக்கு நடுவில் பஞ்சாயத்து தொடங்கியது.

"நான் ஒண்ணும் பேசல கலா. நீ பேசினதத்தான் சொல்றேன்" என்று ஆரம்பித்தான் நடராசன். "எட்டாம் நம்பர் கேசட்டு. ஞாபகம் இருக்குதா? மைக்குல என்னா சொன்ன நீ? கட்டினவ மனசு கேக்குமான்னு சொன்னியா இல்லியா?"

"அது மைக்குல சொன்னது."

"மைக்குல சொன்னதுதான ஊருக்குத் தெரியும். அந்த வெள்ளக்காரிக்கு என்னா கொறச்சல்? காசில்லயா, அழகில்லயா? புருசன் வேறொருத்தியோட சுத்திட்டு, தோத்துட்டு, ஒத வாங்கிக்கினு கெடக்கறப்ப ஓடிப்போயி சேத்துக்கினாளே. இவரும் தோத்துட்டுதான் வந்து குந்திக்கினு கீறாரு. போயி கூட்டிக்கினு வா."

"ஆமாண்டி. நான் அன்னிக்கி எம்மா அழுதேன்" என்றாள் வீரம்மாள்.

ஊரில் இதற்கு மேல் ஒரு தீர்ப்பு இல்லை. இருபத்து மூன்று வருஷமாகத் திண்டிவனத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தாலும் அந்தக் கேசட்டைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். எத்தனையோ பெண்கள் அதைக் கேட்டு மூக்கைச் சிந்திவிட்டுப் புருஷன் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்தக் கேசட்டுக்குக் குரல் கொடுத்தவளே சூர்யகலாதான். தன் வாயாலேயே தனக்கு வலை பின்னிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. மாட்டேன் என்று சொல்லவும் மனசில்லை, சரி என்று சொல்லவும் மனசில்லை. வாசலில் உட்கார்ந்திருப்பவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைக் காலையிலேயே அவள் பார்த்துவிட்டிருந்தாள். அதைப் பார்த்த கண்ணைப் பிடுங்கிப் போடலாம் போல அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"செத்த இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனாள். தகரக் குவியல் மேல் உட்கார்ந்து, மகள் வாங்கிக் கொடுத்த போனை எடுத்தாள். அந்தக் கயிற்றை ஒரு தரம் பார்த்தால் மனசு ஒரு பக்கமாகச் சாயும் என்று நினைத்தாள். தேடியதும் கிடைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல் முறையாகக் கலரில் பார்த்தாள். எலிசபெத் ஓடிவந்தாள், முடியைப் பிடித்தாள், அவன் கயிற்றைத் தூக்கிப் பிடித்தான். கூட்டத்தில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இவளும் துடைத்துக்கொண்டாள். அப்புறம்தான் கீழே எழுதியிருந்த தேதி கண்ணில் பட்டது. தொண்ணூற்றொன்று, மார்ச்.

சந்தேகம் வந்து கல்யாணத்தைத் தேடினாள். தொண்ணூற்றொன்று, ஆகஸ்ட்.

பெட்டியில் மேலே கிடந்தது பின்னால் நடந்தது, அடியில் கிடந்தது முன்னால் நடந்தது. நடராசன் நம்பர் போட்ட லட்சணம் அது. மேலும் படித்துக்கொண்டு போனாள். கதையில்தான் அப்படி. அசலில் அந்த இரண்டு பேரும் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே கல்யாணம் ஆனவர்களாம். தொண்ணூற்றிரண்டில் விவாகரத்தும் ஆகிவிட்டதாம். திண்டிவனம் மூக்கைச் சிந்திய ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் ஆளுக்கொரு திசையில் இருந்திருக்கிறார்கள். இந்த இடத்தை அவள் ரெண்டு தரம் படித்தாள். ஆனால் இது ஊருக்குச் சொல்ல வேண்டிய சேதி இல்லை என்று பட்டது. போனை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணா, நீ நம்பர மாத்திப் போட்டுட்ட."

"எதுக்கு?"

"கேசட்டுக்கு. எட்டு மொதல்ல, மூணு அப்புறம். மார்ச்சுல அவன் தோத்தான், அவ ஓடிப் போனா. ஆகஸ்ட்லதான் கல்யாணம்."

நடராசன் போனை வாங்கிப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். வீரம்மாளுக்குத்தான் முதலில் உறைத்தது.

"அப்ப அன்னிக்கி அவ அவனுக்கு யாருடி?"

"யாருமில்லம்மா. முன்ன அவங்கூட வேல செஞ்சவ. இவன் தொரத்தி உட்டுட்டான்."

"கட்டாதவனுக்காடி அழ வச்ச எங்கள?"

"கட்டினவ சேத்துக்கினான்றது கேசட்டுலயே இல்ல" என்றாள் சூர்யகலா. "நானா சேத்துச் சொன்னது அது. அதுல கீறது என்னான்னா, தோத்தவன் மொதல்ல கயித்தத் தூக்கிப் புடிச்சான். அப்புறமா வந்து கட்டிக்கிறியான்னு கேட்டான். அவளா யோசிச்சி, சரின்னா."

"இப்ப என்னாதான் சொல்ற நீ?"

"வந்த சேரெல்லாம் துருப் புடிச்சிருக்குது. தேய்க்க ஆள் வேணும். இஷ்டமிருந்தா நாளையிலேர்ந்து வரட்டும், மத்தவங்களுக்குக் குடுக்கற கூலியத் தர்றேன். வீட்ல எடம் கெடையாது."

வீரம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நடராசன், தான் போட்ட நம்பரால் எத்தனை குடும்பத்தில் எத்தனை பெண்கள் மனசு இளகினார்கள் என்று யோசித்தானோ என்னவோ, அம்மாவைக் கையமர்த்தினான். இரண்டு பேரும் நாலு மணி பஸ்ஸுக்குப் போனார்கள். போகிற போக்கில் நடராசன் மச்சானிடம் விஷயத்தைச் சொன்னான். வேங்கடேசனுக்கு மார்ச்சும் புரியவில்லை, ஆகஸ்டும் புரியவில்லை. வீட்டில் இடமில்லை என்பது மட்டும் புரிந்தது.

சாயங்காலம் வேலையாட்கள் ஷட்டரை வழக்கம் போல இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். சூர்யகலா உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். ஷட்டருக்கு அந்தப் பக்கம் இரண்டு கால் நின்றுகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கால் மடங்கி, மண்டி போட்டது. கையெடுத்துக் கும்பிட்டபடி குனிந்த வேங்கடேசன் முகம் தெரிந்தது.

"தப்புதான் கலா. மன்னிச்சிடு. இனிமே உன்ன உட்டு எங்கயும் போவ மாட்டேன்."

அவளுக்குக் கால் தானாக ஒரு எட்டு முன்னால் வந்துவிட்டது. உடனே வெள்ளை முடிக்கார ஃபிளேர் ஞாபகம் வந்தது. அந்த எட்டைப் பின்னால் எடுத்து வைத்தாள்.

"மண்டி போட்டவங்கிட்ட நான் பேசறதில்ல. எழுந்திரிங்க."

அவன் எழுந்தான். அப்புறம் அவன் முகம் தெரியவில்லை, பொத்தான் இல்லாத சட்டை மட்டும் தெரிந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பழகின வாக்கில் குனியப் போனாள்.

"குனியாத, இரு" என்றது வெளியிலிருந்து குரல்.

ஷட்டர் ஒரு தரம் முனகியது. வளைந்திருந்த பக்கத்துக்குக் கீழே அவன் தோளைக் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. முன்னைப் போல இல்லை, ஒரே மூச்சில் மேலே போகவில்லை. கொஞ்சம் ஏறி, நின்று, மறுபடி ஏறியது. கடைசியில் அவள் தலைக்கு மேலே போய் நின்றது. அவன் பிடியை விடாமல் அதைத் தாங்கிக்கொண்டு நின்றான். அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான்.

ஐந்து வருஷத்துக்கு அப்புறம், பட்டறை மூடுகிற நேரத்தில் சூர்யகலா அந்த வாசலில் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தாள். வேண்டுமென்றே மெதுவாக வந்தாள். அண்டர்டேக்கர்கூட அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, அது விழுகிற வரைக்கும் தெருப் பக்கம் திரும்பி நின்றாள். பிறகு, "உடுங்க" என்றாள். அவன் இறக்கினான். அவள் பூட்டினாள்.

"காலைல ஒம்போது மணிக்கு வந்து தூக்குங்க. சாயங்காலமும் நீங்கதான் தூக்கணும்."

"தெனமுமா?"

"தெனமும்."

அவன் தலையாட்டினான். "அப்பறம்?" என்று கேட்டான்.

கேசட்டுக் கல்யாணம் நடந்த ஆகஸ்ட் என்றால் நம் கணக்குக்கு என்ன மாதம் என்று அவள் மத்தியானமே எண்ணிப் பார்த்து வைத்திருந்தாள்.

"ஆடி முடியட்டும்" என்றாள். "ஆவணில பாக்கலாம்."